கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்பும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

கேள்வி: காரைக்குடித் தாய்

என் மகளுக்கு ஏழு வயது. இங்கே காரைக்குடியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்கு முன் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக வந்தவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு முடிந்திருந்தால் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. கடிதம் எழுதி வைத்தால் 24ஆம் தேதி இரவு கிறிஸ்துமஸ் தாத்தா நம் வீட்டுக்கே வந்து கேட்டதைக் கொடுப்பார் என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். இவள் உடனே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, முகப்பில் இருக்கும் மரத்தூணின் இடுக்கில் செருகி வைத்துவிட்டாள். ஊதா நிறச் சைக்கிள் வேண்டுமாம்.

இல்லாத ஒருவரை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளையை ஏமாற்றக் கூடாது என்பது என் மாமியாரின் கட்சி. சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனாரோ, தம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இப்படித்தான் பரிசு வைப்பதாகவும், இந்த வயது போனால் திரும்ப வராது என்பதால் தடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்.

என் தயக்கம் இரண்டிலும் சேராதது. கிருஷ்ண ஜெயந்தி அன்று பச்சரிசி மாவைக் கரைத்து, மூடிய கையின் ஓரத்தை அதில் தோய்த்து, வாசலிலிருந்து சாமி அறை வரை கண்ணன் பாதம் பதிக்கிறவளும் நான்தான். வெண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு விரல் வழித்து எடுத்துவிட்டு, கண்ணன் தின்றுவிட்டுப் போனான் என்று சொல்கிறவளும் நான்தான். இந்த ஆண்டு அவள் தன் காலை அந்தப் பாதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "கண்ணனுடைய காலில் எப்படி ஆத்தா உங்கள் கை ரேகை வந்தது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினேன். அதைச் செய்கிற நான் இதை மட்டும் பொய் என்று எந்த முகத்தோடு தள்ளுவது? சைக்கிளைத் தாத்தாவின் பெயரில் வைப்பதா, அப்பச்சி (அவளுடைய அப்பா) வாங்கித் தந்தது என்று சொல்லிக் கொடுப்பதா?

மறுமொழி: தேவகோட்டை ஆசிரியை

தொடக்க வகுப்புகளிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிகிறது. உங்கள் பதிவில் சைக்கிளைவிட அந்தக் கை ரேகைக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை சான்று தேடத் தொடங்கிவிட்டாள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

1994இல் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட அமெரிக்கப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகள் பொதுவாக ஏழு வயதையொட்டித் தாங்களாகவே உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள், கண்டுபிடித்ததைப் பற்றிப் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே பேசினார்கள், வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்தான். ஆகவே உண்மை தெரிந்தால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்ற பயத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

ஆனால் இன்னோர் ஆய்வை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் வுல்லியும் அவருடன் பணியாற்றியவர்களும், அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத 'மிட்டாய்ச் சூனியக்காரி' என்ற உருவத்தைத் தாங்களே உருவாக்கிப் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார்கள். பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் சேர்க்கும் ஹாலோவீன் விழா இரவில் அவள் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மையை வைத்துவிட்டுப் போவாள் என்பது கதை. எந்த வீடுகளில் பெற்றோர் இரவோடு இரவாக அப்படி மாற்றி வைத்தார்களோ, அந்தப் பிள்ளைகளிடம் நம்பிக்கை கூடுதல் உறுதியோடு இருந்தது. பிள்ளைகள் அறியாமையால் நம்புவதில்லை. நாம் தயாரித்துக் கொடுக்கும் சான்றை முறையாக எடைபோட்டுத்தான் நம்புகிறார்கள். கதை சொல்வது வேறு, சான்று தயாரிப்பது வேறு. சைக்கிளைத் தாத்தாவின் பெயரில் வைப்பது இரண்டாவது வகை என்பதால் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அவள் நேராகக் கேட்டால் முதலில், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். கதையிலேயே இருக்க விரும்பும் பிள்ளை ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். நின்று மறுபடியும் கேட்கிற பிள்ளைக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

மறுமொழி: சருகணிப் பக்கத்துக்காரன்

நாங்கள் தலைமுறைகளாகக் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸ் தாத்தா எங்கள் சமயத்தின் நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டு, மறுத்தால் யார் மனமாவது புண்படுமோ என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மூலம் உண்மையான மனிதர். இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலாஸ் அவர். திருநாள் டிசம்பர் 6. வரதட்சணைக்கு வழியில்லாத ஓர் ஏழைத் தகப்பனின் மூன்று பெண்களுக்காக, தாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல் இரவில் அந்த வீட்டுக்குள் பொன் முடிப்புகளை எறிந்தார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. சீர் செனத்திப் பேச்சு ஓயாத நம் ஊரில் அந்தத் தகப்பனின் நிலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டச்சுக்காரர்களின் வழியாக அவர் அமெரிக்காவுக்குப் போனார். 1823இல் அங்கே அச்சான ஒரு கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்கள் பூட்டிய வண்டியைக் கொடுத்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த பத்திரிகைப் படங்கள் தொப்பையையும் தாடியையும் நிலைநிறுத்தின. 1931இல் தொடங்கிய கோக்க கோலா விளம்பரங்கள் அந்த உருவத்தை உலகெங்கும் பரப்பின. விவிலியத்தில் இவர் எங்கும் வருவதில்லை. எங்கள் வீட்டில் நடு இடம் குடிலுக்குத்தான். நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகு குழந்தை இயேசுவின் சுரூபத்தை அதில் வைக்கும் உரிமைக்குத்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

தாத்தா எங்களுக்குக் கேரல் குழுவோடு வருகிறவர். டிரம்மும் பாட்டுமாகத் தெருவுக்குள் நுழையும்போது முன்னால் ஆடிக்கொண்டு வருவார். முகமூடிக்குள் இருப்பது எந்த வீட்டு அண்ணன் என்பதை அவர் காலில் கிடக்கும் ரப்பர்ச் செருப்பை வைத்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்துப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கை குலுக்குவார்கள்; யாருக்கும் ஏமாற்றம் இல்லை. நம்பினால்தான் மகிழ முடியும் என்ற கணக்கு நம் பக்கத்துக் கொண்டாட்டத்துக்குப் பொருந்தாது.

மறுமொழி: பள்ளத்தூர் ஐயா

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இருவருமே தொடாத இரண்டு கேடுகள் இதில் இருக்கின்றன.

முதலாவது, மிரட்டல். "தாத்தா பார்த்துக்கொண்டே இருக்கிறார், சாப்பிடாவிட்டால் பரிசு வராது" என்று தொடங்கிவிட்டால், அவர் பூச்சாண்டிக்குச் சிவப்புச் சட்டை மாட்டிய உருவம் ஆகிவிடுகிறார். மேலை நாட்டார் மட்டும் இதற்கு விதிவிலக்கு அல்லர். ஆஸ்திரியாவில் நிக்கோலாஸ் திருநாளை ஒட்டி, அடங்காத பிள்ளைகளை அச்சுறுத்தக் கொம்பு வைத்த கிராம்புஸ் என்ற உருவமும் உடன் வருவதுண்டு. "சாமி கண்ணைக் குத்தும்" என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே இனம்தான். அதைச் சொல்லிச் சொல்லியே நம்மில் பலருக்குச் சாமி என்றால் பயம் முதலில் வருகிறது, பக்தி பிறகுதான் வருகிறது.

இரண்டாவது, ஏற்றத்தாழ்வு. உங்கள் மகளுக்குச் சைக்கிள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வகுப்பில் படிக்கும், வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயின் பிள்ளையும் கடிதம் எழுதியிருக்கலாம். அதற்கு ஒன்றும் வராது. அப்பச்சி வாங்கித் தந்தது என்றால், எங்கள் வீட்டில் பணம் இல்லை என்று அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். அதில் வருத்தம் உண்டு, குற்றவுணர்வு இல்லை. உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவான, நல்ல பிள்ளைக்கு மட்டுமே கொடுக்கிற ஒருவர் தனக்குக் கொடுக்கவில்லை என்றால் அது என்ன முடிவுக்கு வரும்? பெரிய பரிசு எதையும் தாத்தாவின் கணக்கில் எழுதக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மிட்டாயோடு அவர் நிற்கட்டும்.

கண்ணன் பாதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை விட வேண்டாம். பிள்ளையின் கையில் மாவைக் கொடுத்துவிடுங்கள். இதே பருவத்தில் நகரத்தாராகிய நமக்கு வரும் பிள்ளையார் நோன்பைப் பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கிட்டு, கோடி வேட்டியிலிருந்து, அதாவது புது வேட்டியிலிருந்து, எடுத்த 21 இழைகளைத் திரியாகத் திரித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுகிறோம். மாவைப் பிசைந்தது அப்பத்தா, திரியைத் திரித்தது ஐயா என்பது பிள்ளைக்குத் தெரியும். எதையும் மறைப்பதில்லை. ஆனாலும் எரியும் சுடரோடு இழையை வாயில் போட்டுக்கொள்ளும் முறை வரும்போது, சுடுமோ சுடாதோ என்று அந்தப் பிள்ளை ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த வியப்புக்கு எந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. கடலில் தவித்த நம் முன்னோரைப் பிள்ளையார் காத்த கதையையும் கதையாகத்தான் சொல்கிறோம். கப்பல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டி நிரூபிப்பதில்லை.

மறுமொழி: கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆச்சி

இத்தனை கண்டிப்பு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. என் மக்கள் இருவரும் சிறு வயதில் நம்பினார்கள், பிறகு விட்டார்கள்; என்னைப் பொய்க்காரி என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. மூத்தவனுக்கு உண்மை தெரிந்த பிறகு, தம்பிக்குப் பரிசை ஒளித்து வைக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். வாங்குகிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு மாறியதில் அவனுக்கு இருந்த பெருமையைப் பார்த்தவள் நான். ஆசிரியை சொல்வது போல் சான்றே தயாரிக்கக் கூடாது என்றால் அந்த மாற்றத்துக்கு வாய்ப்பே இல்லாமல் போகும்.

ஆனால் நேரே கேட்கிற பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 1897 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கின் 'சன்' நாளிதழ், வர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமியின் கடிதத்துக்கு, தாத்தா இருக்கிறார் என்று தலையங்கத்தில் பதில் எழுதியது; பிரான்சிஸ் சர்ச் எழுதிய அந்தப் பதிலை அழகு என்று பலரும் போற்றுவார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்றல்லவா அந்தப் பிள்ளை கேட்டிருந்தாள்? அன்பும் ஈகையும் இருப்பது போல அவரும் இருக்கிறார் என்று சுற்றி வளைத்துச் சொன்னது, கேட்ட கேள்விக்கு விடை ஆகாது.

மீண்டும்: காரைக்குடித் தாய்

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன பெருமையை நினைத்துச் சற்றே சபலப்பட்டேன். ஆனால் என் மகளுக்குத் தம்பியோ தங்கையோ இல்லை, வகுப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகளோ இருக்கிறார்கள். பள்ளத்தூர் ஐயா எழுதிய இரண்டாவது காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சைக்கிள் அவளுடைய பிறந்தநாளுக்கு அப்பச்சியின் பெயரிலேயே வரும். 24ஆம் தேதி இரவு தூணிடுக்கில் ஒரு சாக்லேட் மட்டும் வைக்கலாம் என்றிருக்கிறேன். பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சுகிறது. உண்மை தெரிந்ததும் இவள் மறுநாளே வகுப்பில் போய் எல்லாரிடமும் போட்டு உடைத்துவிடுவாளே, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி: தேவகோட்டை ஆசிரியை

உடைப்பாள், ஏழு வயதில் அதைத் தடுக்க முடியாது. நீங்கள் செய்யக் கூடியது, "சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களாகக் கேட்டால் ஒழிய நீயாகச் சொல்லாதே" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது மட்டும்தான். இரகசியம் என்று சொல்லாதீர்கள். இரகசியம் என்றால் முதல் பாடவேளைக்குள் பரவிவிடும். வகுப்பாசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அழுதுகொண்டு வருகிற பிள்ளையை அவர்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.