நம் வீடு குழு: ஆறு குஞ்சும் அப்பா செய்த கூண்டும்

செவ்வாய்க்கிழமை

அம்மா (காலை 6:12): [படம்]

அம்மா: ஒரு குஞ்சுக்குத் தலையில் ரத்தம். கருப்பி கொத்திவிட்டது

நான்: எந்தக் குஞ்சு அம்மா? அடைக்கோழி இன்னும் பொரிக்கவே இல்லையே

அம்மா: அது இல்லை. பக்கத்து வீட்டில் காலி செய்து போகிறார்கள். ஆறு குஞ்சு, ஐந்து வாரம் ஆகிறது. வைத்துக்கொள்கிறீர்களா என்றார்கள். எப்படி வேண்டாம் என்பது? நேற்று சாயங்காலம் நம் கோழிகளோடு விட்டேன்

பெரியண்ணன்: வியாழக்கிழமை கண் ஆபரேஷன். இப்போது போய் ஆறு குஞ்சா?

அம்மா: ஆபரேஷன் எனக்குத்தானே, குஞ்சுக்கு என்ன

அண்ணி: உயிரோடு இருக்கிறதா அத்தை?

அம்மா: இருக்கிறது. முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். மண்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இறகே இல்லை. கண்ணை மூடி மூடித் திறக்கிறது

சித்தப்பா: அண்ணி, அதை இப்போதைக்கு வெளியே விடவே வேண்டாம். சிவப்பைக் கண்டால் மற்றதும் வந்து அதே இடத்தில்தான் கொத்தும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்து, தோல் மூடுகிற வரை உள்ளேயே இருக்கட்டும். ஒற்றையாக வைத்தால் கத்திக் கத்தியே சோர்ந்துவிடும், அதனால் சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு வையுங்கள். கருப்பியை அடித்துவிடாதீர்கள். கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்குவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து 1921-ல் இதை எழுதினார். கருப்பி தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. திடீரென்று ஆறு புது முகம் வந்தால் அது வேறு என்ன செய்யும்?

தம்பி: சித்தப்பா வகுப்பு ஆரம்பம்

சின்ன அத்தை: சொல்லட்டும்டா. நீங்கள் சொல்லுங்கள் அண்ணே

பெரியண்ணன்: ஒரு வாரம் கொத்திக்கொள்ளும், அப்புறம் சரியாகிவிடும்

நான்: அண்ணா, போன தடவையும் இதையேதான் சொன்னாய். ஒற்றைக் கோழியைக் கொண்டுவந்து விட்டு, மறுநாள் காலையில் அது மூலையில் செத்துக் கிடந்தது

பெரியண்ணன்: அதை இன்னும் விடமாட்டாயா

அம்மா: காலையிலேயே சண்டை வேண்டாம்

சித்தப்பா: பெரியவனே, பெரிய கோழிகளுக்குள் என்றால் நீ சொல்வது நடக்கலாம். ஐந்து வாரக் குஞ்சு கருப்பியில் பாதி கூட இல்லை. உடம்பு ஏறக்குறைய சமமாக வளர வேண்டும், அதற்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகும். அதுவரை நடுவில் கம்பி வலை. ஒன்றை ஒன்று பார்க்கட்டும், தொட முடியாமல் இருக்கட்டும். அப்புறம் திறக்கும்போதும் இரண்டு இடத்தில் தீவனம், இரண்டு இடத்தில் தண்ணீர், ஓடி ஒளிய ஒரு சாய்த்த பலகை. ஒரே தட்டு வைத்தால் கருப்பி அதன் முன்னால் நின்றுகொண்டு ஒன்றையும் அண்டவிடாது

அம்மா: ஆமாம், நேற்றே அப்படித்தான் நின்றது

தம்பி: கம்பி வலைக்கு எங்கே போவது

அண்ணி: மாமா செய்த பெரிய கூண்டு இருக்குமே. இரண்டு அறை, நடுவில் வலை

நான்: அது சின்ன அத்தை வீட்டில்

தம்பி: நான்கு வருடமாக

சின்ன அத்தை: நான் ஒன்றும் திருடிக்கொண்டு வரவில்லை. அண்ணன் போனபோது கேட்டுத்தான் எடுத்தேன். அவர் கையால் அடித்த ஆணி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்

அம்மா: யார் இப்போது திருடியதாகச் சொன்னது? உன்னிடம் இருப்பதுதான் எனக்கும் நிம்மதி

அண்ணி: அத்தை, புதன்கிழமை உங்களை அழைத்துவர யார் வருவது? சொட்டு மருந்தை ஒரு நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள்

பெரியண்ணன்: நான் வருகிறேன். மதியத்துக்கு மேல்

அண்ணி: மதியம் உங்களுக்கு மீட்டிங்

பெரியண்ணன்: அப்படியானால் தம்பி

தம்பி: என்னிடம் யாரும் கேட்கவில்லை

அம்மா: அடைக்கோழிக்கு இன்றோடு பதினேழு நாள். சனிக்கிழமை இருபத்தொன்று. ஒன்பது முட்டை வைத்திருக்கிறேன். நான் இல்லாமல் பொரிக்கும்

நான்: அம்மா

சித்தப்பா: அண்ணி, அதற்கு நீங்கள் கவலையே பட வேண்டாம். இனிமேல் அந்தக் கூடையை யாரும் அசைக்காமல் இருந்தால் போதும். பொரித்த குஞ்சுக்கு வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், இரண்டு நாள் தாங்கும். அடையில் இருக்கும் புள்ளிக்காரி தன் குஞ்சுகளைத் தானே காப்பாற்றிக்கொள்ளும், கருப்பி கிட்டே போனால் இறகை விரித்துக்கொண்டு பாயும். ஆனால் இந்த ஆறும் பக்கத்தில் போனாலும் அது துரத்தும். அதனால்தான் தனிக் கூண்டு என்கிறேன்

அம்மா: ராத்திரிக்கு பல்பு போட வேண்டுமா தம்பி? குளிருமே

சித்தப்பா: வேண்டாம். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் ஐந்தாவது வாரத்துக்கு 23 தான் கணக்கு. இறகும் முளைத்துவிட்டது. காற்று நேராக அடிக்காமல் சாக்குத் தொங்கவிட்டால் போதும். இன்னொன்று, முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து நான்கு சதவீதம் வரை இருக்கும். வளர்கிற குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும், மீறினால் சிறுநீரகம் கெட்டுவிடும். எல்லாருக்கும் வளர்தீவனமே போடுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால், முட்டை போடுகிறது தேவைக்குத் தின்னும்

தம்பி: கிழவி?

அம்மா: கிழவி முட்டை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அது எதையாவது தின்றுவிட்டு வெயிலில் படுத்துக்கொள்ளட்டும்

சின்ன அத்தை: கிழவி இன்னும் இருக்கிறதா! அண்ணன் வாங்கி வந்தது

அம்மா: இருக்கிறது. நேற்று ராத்திரி மற்றக் குஞ்சுகள் அதன் பக்கத்தில்தான் ஒண்டிக் கிடந்தன. ஒன்றும் செய்யவில்லை

சித்தப்பா: நல்லது. அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கிளம்புவதற்குள் ஒன்று கேளுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்களா என்று. எட்டாவது வாரம் ஊசி போட வேண்டும். வெளியிலிருந்து வந்ததை ஒரு மாதம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், சரி, ஒரு ராத்திரி கலந்தாகிவிட்டது. எச்சத்தில் ரத்தம் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். தரை ஈரமாக இருக்கக் கூடாது

பெரியண்ணன்: அம்மா வீட்டில் இல்லாத பத்து நாளும் தினமும் யார் பார்ப்பது? அதுதான் கேள்வி

(காலை 7:40)

பெரியண்ணன்: ஒருவரும் பதில் சொல்லவில்லை

நான்: வெள்ளி, சனி, ஞாயிறு நான் இருக்கிறேன். குஞ்சு பொரிப்பதை அம்மாவுக்கு வீடியோவில் காட்ட வேண்டும்

அண்ணி: கண்ணில் கட்டு இருக்கும்

நான்: சத்தமாவது கேட்கட்டும்

தம்பி: திங்களிலிருந்து பார்க்கலாம்

பெரியண்ணன்: பார்க்கலாம் என்றால்?

சின்ன அத்தை: கூண்டை நானே கொண்டுவருகிறேன். நாளைக்கு. ஆனால் தனியாகத் தூக்க முடியாது, யாராவது வர வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப எனக்குத்தான்

அம்மா: உனக்குத்தான்

அம்மா: அடிபட்டது இப்போது என் உள்ளங்கையிலிருந்து நான்கு குருணை தின்றது

சின்ன அத்தை: அண்ணி, கூண்டில் இடது பக்கக் கதவுக்குக் கொக்கி போய்விட்டது. வருகிறவர்கள் கட்டுக்கம்பி எடுத்து வாருங்கள்