எல்டேப்எஸ்: கிளையில் மட்டும் சான்றிதழ் பிழை

கேள்வி (காரைக்குடி): ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர், கணினி விவரங்களை வைக்கும் விண்டோஸ் சர்வர் சேவை) எங்கள் சொந்த சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கொடுத்த சான்றிதழ் போட்டு, எல்டேப்எஸ் (அந்த டைரக்டரியைக் குறியாக்கத்தோடு அணுகும் முறை) 636 போர்ட்டில் ஓடுது. சர்வரிலேயே எல்டிபி என்ற சோதனைக் கருவியில் இணையுது. தேவகோட்டைக் கிளையின் உபுண்டு கணினிகள் மட்டும் சான்றிதழை ஏற்க மறுக்குது. ஏன்ணே?

பதில்: ரூட் சான்றிதழ், அதாவது உங்க சிஏவை நம்பச் சொல்லும் மூலச் சான்றிதழ், அங்கே போய்ச் சேரலை தம்பி. விண்டோஸ் கணினிகளுக்குக் குரூப் பாலிசி (அமைப்புகளை எல்லாக் கணினிக்கும் பரப்பும் வசதி) கொண்டுபோகும், உபுண்டுவுக்குக் கையால்தான். அந்தச் சான்றிதழைப் பேஸ்64 (எழுத்துக் கோப்பு) வடிவில், சிஆர்டி நீட்டிப்போடு யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிபிகேட்ஸ் அடைவில் போட்டு, நிர்வாகி (ரூட்) உரிமையோடு அப்டேட்-சிஏ-சர்டிபிகேட்ஸ் கட்டளையை ஓட்டுங்க. நீட்டிப்பு வேறாக இருந்தால் அதைக் கண்டுக்காமல் விட்டுடும்.

பதில்: ஐபி கொடுத்து இணைக்கிறீங்களா? சான்றிதழில் சர்வரின் முழு டிஎன்எஸ் பெயர்தான் இருக்கும், ஐபி ஒத்துப்போகாது. சான்றிதழைச் சரிபார்க்கணுமான்னு சொல்லும் டிஎல்எஸ்_ரெக்சர்ட் அமைப்பை நெவர்னு வைக்கச் சொல்வாங்க, கேட்காதீங்க: குறியாக்கம் இருக்கும், எதிரில் இருப்பது யாருன்னு தெரியாது.

பதில்: குளோபல் கேட்டலாக்கில் (எல்லா டொமைன்களுக்கும் பொதுவான தேடல் பட்டியல்) தேடும் செயலி இருந்தால் ஃபயர்வாலில் 3269 போர்ட்டும் திறந்திருக்கணும்.