தூர்தர்ஷன் உள்ளூர்க் கடை விளம்பரம் எடுக்கலாமா?

ஊர்ச்சேனல்:
பதினோரு வருடம் ஒரு சிறு நகரத்தில் கேபிள் லோக்கல் சேனல் நடத்தியவன் நான். எங்கள் பிழைப்பே ஊர்க் கடைகளை நம்பித்தான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜவுளிக்கடை அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே, "தம்பி, போன வருஷ விளம்பரமே இருக்கட்டும், தள்ளுபடியை மட்டும் மாத்திப் போடு" என்பார். அந்தப் பணத்தில்தான் கேமரா பிடித்த பையனுக்குச் சம்பளம், மாரியம்மன் தேர் நேரலைக்கு ஜெனரேட்டர் டீசல் எல்லாம்.

தூர்தர்ஷனுக்கு ஊழியர் சம்பளத்தை மத்திய அரசின் மானியம் பார்த்துக்கொள்கிறது. சம்பளக் கவலை இல்லாதவர்கள் விளம்பரக் கட்டணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். நாங்கள் இறக்க முடியுமா? கடை, ஜவுளி, நகை, கல்யாண மண்டபம் போன்ற உள்ளூர் விளம்பரங்களை மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சேனல் தொடக் கூடாது என்று சட்டமே வரவேண்டும்.

பொதிகைப் பிரியை:
சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கிற சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிவி வைத்திருக்க லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலம் எண்பதுகளிலேயே முடிந்துவிட்டது. அதனால் தூர்தர்ஷனுக்கு நேயர்களிடமிருந்து நேராக ஒரு பைசா வருவதில்லை. விளம்பரத்தையும் பிடுங்கிவிட்டால் டெல்லியில் இருக்கும் மத்திய அரசின் கையைத்தான் இன்னும் அதிகமாக நம்ப வேண்டியிருக்கும். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அமைப்புக்கான சட்டத்தை 1990-ல் நிறைவேற்றி, 1997-ல் அமலுக்குக் கொண்டுவந்ததே தன்னாட்சி வேண்டும் என்பதற்காக. சாப்பாட்டுக்கே ஒருவர் கையை எதிர்பார்த்து நிற்பவர் அவரை எதிர்த்துச் செய்தி வாசிப்பாரா?

அப்புறம், இது புதிதாக வந்த போட்டியும் இல்லை. தூர்தர்ஷனில் 1976 ஜனவரி 1-லிருந்தே விளம்பரம் வருகிறது. சன் டிவி தொடங்கியது 1993-ல். பின்னால் வந்தவர்களுக்காக முன்னால் இருந்தவர் ஏன் கடையைச் சாத்த வேண்டும்? சொட்டுநீர்க் குழாய் விற்கிற ஒருவர் 'வயலும் வாழ்வும்' பார்க்கிற விவசாயியிடம் தன் சரக்கைச் சொல்ல நினைத்தால், அந்த வழியை அடைப்பது யாருக்கு நல்லது?

கணக்குப்பிள்ளை:
இருவருமே பெரிய தனியார் சேனல்களை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். கேபிள் டிவி விதிப்படி மணிக்கு 12 நிமிடம்தான் விளம்பரம். அதிலும் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2013-ல் கறாராக அமல்படுத்தப் பார்த்தது. செய்திச் சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய்விட்டன. இருக்கிற விதியே நடைமுறைக்கு வராதபோது புது விதி எதற்கு?

ரைன்கரை:
நான் இருப்பது ஜெர்மனியில். இங்கே அரசு ஒலிபரப்புக்கு வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ கட்டுகிறோம். அதற்குப் பதிலாக ஏஆர்டி, இசட்டிஎஃப் என்ற இரண்டு பொதுத்துறைச் சேனல்களும் இரவு 8 மணிக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை அறவே கூடாது. இது பொதுத்துறைக்கான கட்டுப்பாடு.

ஊர்ச்சேனல் அண்ணனின் கவலையை ஒட்டி இன்னொரு விதியும் உண்டு. நாடு முழுக்கத் தெரியும் சேனல்கள் ஒரு மாநிலத்துக்கு மட்டும் விளம்பரத்தைப் பிரித்துப் போடக் கூடாது. உள்ளூர் ஊடகங்களின் பிழைப்பு கெடக் கூடாது என்பதே காரணம். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலும் கடைகள் வைத்திருக்கும் ஃபுஸ்ல் என்ற துணிக்கடை, நாடு முழுக்கத் தெரியும் ப்ரோசீபன் என்ற தனியார் சேனலில் பவேரியாவுக்கு மட்டும் விளம்பரம் போடக் கேட்டது. இந்த விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இணையத் தளங்கள் ஊர் ஊராகப் பிரித்து விளம்பரம் போடும்போது டிவிக்கு மட்டும் தடை என்பது பொருந்தாமல் போகலாம் என்று 2021-ல் அந்த நீதிமன்றம் சொல்லி, முடிவை ஜெர்மன் நீதிமன்றத்திடம் விட்டது.

ஊர்ச்சேனல்:
ரைன்கரை தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. அண்ணாச்சியின் மகன் இப்போது கடையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் போனில் விளம்பரம் அனுப்புகிறான். அது அரசு சேனல் எடுத்துப்போன காசு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். டிடி தமிழில் போட்டால் எங்கள் ஊர்க்கடை விளம்பரம் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். சின்னக் கடைக்கு அது தேவையும் இல்லை.

சரி, முழுத் தடை வேண்டாம். ஆனால் மானியம் வாங்கும் சேனல், தான் வெளியிட்ட கட்டணப் பட்டியலுக்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்கக் கூடாது. கொடுத்த சலுகை எல்லாம் பொதுவில் தெரிய வேண்டும். இதில் உங்களுக்கு என்ன மறுப்பு?

பொதிகைப் பிரியை:
சலுகை விவரத்தை வெளியிடுவதில் மறுப்பே இல்லை, இன்றைக்கே செய்யட்டும். ஆனால் பட்டியலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதில்தான் சிக்கல். பண்டிகை வாரத்தில் பெரிய தனியார் சேனல்கள் பத்து முறை போட்டால் ஐந்து இலவசம் என்று தரும்போது, தூர்தர்ஷன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அவர்களும் கட்டணத்தையும் சலுகையையும் வெளியிட்டு, அதே வரம்புக்குள் வரட்டும். அப்போது நானும் உங்கள் பக்கம்தான்.

ஊர்ச்சேனல்:
பெரிய தனியார் சேனல்களுக்கும் சேர்த்து என்றால் எனக்குச் சம்மதம். அதைத்தானே முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் அம்மா.