டர்பனில் தினமும் ஓட்ட 1983 பென்ஸ் 230இ-யா, 1991 230இ-யா?

மெரிபேங்க்வாசி:
வணக்கம். கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு பென்ஸ் வந்திருக்கின்றன. ஒன்று 1983 மாடல் டபிள்யூ123, மற்றது 1991 மாடல் டபிள்யூ124. இரண்டும் 230இ, ஆட்டோமேட்டிக், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஊர் ஆலையில் செய்தவை. தினமும் பைன்டவுனுக்கு வேலைக்குப் போகணும், அவ்வப்போது என்3 நெடுஞ்சாலையில் ஜோஹானஸ்பர்க். எதை எடுக்கலாம்? பார்க்கப் போனால் எங்கெங்கே சோதிக்கணும்?

பழைய ஸ்பானர்:
தம்பி, இரண்டிலும் எம்102 குடும்பத்து 2.3 லிட்டர் எஞ்சின்தான். அதனால் பாடியைப் பார்த்து முடிவெடுங்கள். டர்பனில் உங்கள் மெரிபேங்க் பக்கத்து உப்புக்காற்றில் துருதான் முதல் செலவு.

123-இல் முன் கண்ணாடியின் கீழ்மூலைகளைப் பாருங்கள். ரப்பருக்குப் பக்கத்தில் பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால் உள்ளே தகடு அரித்திருக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து பேட்டரி தட்டின் அடிப்பக்கம், முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பின்புறம், பூட்டில் ஸ்டெப்னி வைக்கும் குழி. கால்மிதியைத் தூக்கிக் கையால் தடவுங்கள், ஈரம் இருக்கவே கூடாது. சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது.

1991 வண்டியில் பக்கவாட்டின் கீழே பிளாஸ்டிக் பலகை ஓடும். அதில் ஜாக் வைக்கும் இடங்களில் நான்கு சிறு மூடிகள் உண்டு. நான்கையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பளபளக்கும் 124 பலதும் இந்தப் பலகைக்குப் பின்னால்தான் அழுகியிருக்கும்.

செயின் மாஸ்டர்:
அண்ணன் சொன்னதோடு எஞ்சினையும் ஆறின நிலையில் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். 1983-இல் டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) ஒற்றை வரிசை, பிற்பாடு இரட்டை வரிசை ஆனது. ஸ்டார்ட் ஆனதும் கடகடவென்று சில நொடி நீடித்தால் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டி மூன்றையும் சேர்த்தே மாற்றணும்.

பிறகு நன்றாகச் சூடாக்கி, அணைத்து, அரைமணி கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ரொம்ப நேரம் சுற்றியபின்தான் பிடிக்கிறது என்றால் லைனில் பெட்ரோல் அழுத்தம் நிற்கவில்லை. பின் அச்சருகே இருந்து அந்த அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டர் அல்லது பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வுதான் காரணம். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் இன்ஜெக்டரை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கியர் ஆயில் குறைகிறது, கீழே சொட்டவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை என்றால் வாக்குவம் மாடுலேட்டர் (எஞ்சினின் உறிஞ்சு விசையை வைத்து கியர் மாறுவதைச் சீராக்கும் பாகம்) உள்ளே கிழிந்திருக்கும். எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. அது சின்னப் பாகம்தான், கியர்பாக்ஸே போய்விட்டது என்று பயப்படாதீர்கள்.

என்3-க்கு என் ஓட்டு 124-க்கே. காற்றை எதிர்க்கும் கெழு சுமார் 0.42-இலிருந்து 0.30 அளவுக்கு இறங்கியது. வேகத்தில் சத்தமும் பெட்ரோலும் குறைவு. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து லிங்க் (இணைப்புக் கம்பி) பிடித்திருப்பதால் வளைவில் நிதானம். ஆனால் அந்த லிங்க்குகளின் ரப்பர் புஷ்கள் தேய்ந்தால் வண்டியின் வால் ஆடும், டயரின் உள்விளிம்பு தேயும்.

மெரிபேங்க்வாசி:
நன்றி அண்ணன்மாரே. 1994 இ220 ஒன்றும் வந்திருக்கிறது, அது இன்னும் புதுசுதானே?

பழைய ஸ்பானர்:
அந்த வருட எஞ்சின் ஒயரிங்கின் உறை காலப்போக்கில் உதிர்ந்துபோகும் வகை. இன்ஜெக்டர் பக்கத்து ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் ஷார்ட் ஆகி எஞ்சின் கம்ப்யூட்டரையும் கெடுக்கும். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடிக்குள் போகும் ஒயரும் அதே ரகம். இரண்டும் மாற்றியதற்கு பில் காட்டினால் மட்டும் பேசுங்கள். இல்லையென்றால் மூடிக்குள் துருவில்லாத அந்த 1991-ஐயே எடுங்கள்.