ரிப்போர்ட்டில் சிவப்பாக வந்த ஒரு வரி

அம்பாசமுத்திரம்

வயது 46. அப்பா 52-இல் மாரடைப்பில் போனார். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவரைக் கட்டிலில்தான் தூக்கி வந்தோம். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்ப்பேன். இந்தத் தடவை லேபில் இருந்த தம்பி, "கூட ஒரு ஹார்ட் டெஸ்ட் இருக்கு அண்ணாச்சி, சேத்துப் போடட்டா?" என்றான். சரி என்றேன்.

சாயங்காலம் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை ஒழுங்கு. எல்டிஎல் கொழுப்பு 148. அது வருஷா வருஷம் பார்க்கிறதுதான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பியை நுணுக்கமாக அளக்கிற ஹெச்எஸ்-சிஆர்பி மட்டும் சிவப்பு எழுத்தில் 14.2. பக்கத்திலேயே '3-க்கு மேல் இதய நோய் அபாயம் அதிகம்' என்று ஒரு வரி. ராத்திரி தூக்கம் இல்லை. இடது தோள் வலிக்கிறதா என்று நானே அமுக்கி அமுக்கிப் பார்த்து, விடியும்போது நிஜமாகவே வலித்தது.

மறுநாள் பாளையங்கோட்டையில் டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "போன வாரம் காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சாவே?" என்று கேட்டார். இருந்தது. தொண்டை கட்டி மூன்று நாள் படுத்திருந்தேன். எழுந்த மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டேன்.

உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் ஈரல் இந்தப் புரதத்தைச் சுரக்குமாம். 1930-இல் இதை முதலில் கண்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். "ஆத்துல தண்ணி கலங்கி வருதுன்னா மேல மழைன்னு தெரியும். எந்த ஓடையில பெஞ்சதுன்னு தெரியுமாவே?" என்றார். 10-ஐத் தாண்டினால் இதயக் கணக்குக்கு எடுக்கக் கூடாது, உடம்பு தேறி இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். 3.6. "பல்லைக் காட்டும்" என்றார். பல் துலக்கும்போது ரத்தம் வருவது எனக்கு வருஷக்கணக்காகப் பழகிப்போன சங்கதி. ஈறு அழற்சியும் இந்த எண்ணைத் தூக்குமாம். பல் டாக்டரிடம் சுத்தம் செய்து, இரண்டு மாதம் கழித்து 1.9. அதனால் மாரடைப்பு வராது என்று அர்த்தமில்லை. அதையும் அவரே சொல்லிவிட்டார். கடைசியில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினது அந்தச் சிவப்பு எழுத்துக்காக இல்லை. அப்பாவின் 52, நான் கண்டுகொள்ளாத 148, தினம் அரை பாக்கெட் சிகரெட், இந்த மூன்றுக்காக.

மேலப்பாளையம்

லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணைப் பார்க்குமுன் அலகைப் பாருங்கள். ஒருவர் '0.4 தான் பாய், நம்ம ஹார்ட் இரும்பு' என்று சந்தோஷமாக வந்தார். அது டெசிலிட்டர், அதாவது நூறு மில்லிக்கான கணக்கு. லிட்டருக்கு மாற்றினால் 4 மில்லிகிராம்.

அந்த டெஸ்ட் வீண் என்று சொல்லவில்லை. 2008-இல் வந்த ஜூபிட்டர் ஆய்வில் 17,802 பேர். எல்லோருக்கும் எல்டிஎல் 130-க்குக் கீழே, ஆனால் சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. இப்போது சிலர் சாதாரண ரத்த அணுக் கணக்கில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணை லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் எண்ணால் வகுத்து வைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். ஒரு சளி பிடித்தாலே அந்த விகிதம் ஏறிவிடும். வீட்டில் உட்கார்ந்து வகுக்காதீர்கள்.

முக்கூடல்

அம்மாவுக்குப் பதினோரு வருஷமாகச் சரவாங்கி, மூட்டுகளில் அழற்சி வந்து முடக்கிப் போடும் வாதம். விரல் மடங்கிப் பீடி சுற்றுவதையே விட்டுவிட்டாள். சிஆர்பி எப்போதும் கூடத்தான் இருக்கும், அதனால் நாங்கள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். போன வருஷம் நெஞ்சு அடைக்கிறது என்றவளுக்கு வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மூட்டு டாக்டர்தான் திட்டி ஈசிஜிக்கு அனுப்பினார், ரத்தக்குழாயில் அடைப்பு. சரவாங்கிக்காரர்களுக்கு இதய அபாயக் கணக்கை 1.5-ஆல் பெருக்கச் சொல்லி ஐரோப்பிய வழிகாட்டுதலே இருக்கிறதாம். அந்தக் கஷாய டம்ளரை இன்னும் எனக்குக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை.

களக்காடு

இந்த அழற்சியைக் குறைக்க ஒரு மருந்து இருக்கிறது, கோல்ச்சிசின். இதய நோய் ஏற்கனவே உள்ள 5,522 பேருக்கு தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது, பலன் தெரிந்தது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்தார்கள். நம்ம கண்வலிக்கிழங்கில் இருப்பதும் அதே சரக்குதான் என்று எங்கள் சித்தப்பா எங்கேயோ படித்துவிட்டு மண்வெட்டியோடு வேலி ஓரம் போய்விட்டார். அந்தக் கிழங்கு உயிரையே எடுக்கும். சித்தி மண்வெட்டியைப் பிடுங்கி வைத்த இடம் அவருக்கு இன்னும் தெரியாது.

அம்பாசமுத்திரம்

பாய் சொன்ன பிறகு பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். லிட்டர்தான். சிகரெட் இன்னும் முழுசாக விடவில்லை, நாளைக்கு இரண்டில் நிற்கிறது.