ஏப்ரல் வெயிலில் பாதி அயர்ன்மேன் தூரம்: கோவளத்தில் பார்த்தது

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானில் மோசமான வானிலை என்றால் பெரும்பாலும் குளிரையும் மழையையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். சென்னைக்காரர்களுக்கு அதில் பாதி உதவாது. நமக்கு எதிரி புழுக்கமும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்ல முடியாத கடல்காற்றும்தான். தேதி தள்ளிப் போய்ப் போய்க் கடைசியில் ஏப்ரல் முடியும்போது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி எழுதுகிறேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர டிரையத்லானில் சரிபாதி.

விடியற்காலையில் மிதவை கட்டிவிட்டு வந்த மீனவர் ஒருவர் கரையில் நின்றிருந்தார். தண்ணி எப்படி இருக்கு அண்ணா என்று கேட்டதற்கு, "தெண்டி ஜோரா கீது தம்பி, மிதவையப் பாத்து நீஞ்சாத, கொஞ்சம் தெக்கால பாத்து நீஞ்சு, அதுவே இட்டாந்து வுட்டுடும்" என்றார். வெயில் காலத்தில் நம் கரையோரம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும், அதைத்தான் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் அப்படியே திரும்பி வன்னி ஆகிவிடும். அவர் சொன்னபடியே செய்தேன், மிதவைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தேன். மிதவையையே குறிவைத்து நீந்திய பலர் வடக்கே ஒதுங்கிப் போய், நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வர வேண்டியதாயிற்று. திறந்த கடலில் போட்டி என்றால் முந்தின நாளே அந்தக் குப்பத்து ஆட்களிடம் பத்து நிமிடம் பேசிவிடுங்கள், எந்த ஆப்பும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. கழுத்தில் சொறி (ஜெல்லி மீன்) உரசியதைத் தவிர நீச்சலில் வேறு கஷ்டம் இல்லை. ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, உடம்புச் சூடு அதில் இறங்கவே இறங்காது. கரையேறும்போதே முகம் கொதித்தது.

சைக்கிள், மாமல்லபுரம் தாண்டிப் போய்த் திரும்புவது, இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒன்றும் இல்லை, காலைக் காற்றும் நிழலும் இருந்தன. இரண்டாவது சுற்றில் நெம்மேலி பக்கம் கடல்காற்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே எழுந்துவிட்டது. ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காம்பவுண்டுச் சுவரும் சவுக்குத் தோப்பும் இருக்கிற வரை காற்றே தெரியாது, சுவர் முடிகிற இடத்தில் பக்கவாட்டில் அறையும். தெற்கே போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். முன்சக்கரத்தில் டீப் ரிம் (காற்று பிடிக்கிற அகலமான விளிம்பு) போட்டிருந்தவர்கள், குனிந்து முழங்கையை ஊன்றி ஓட்டும் ஏரோ பாரிலிருந்து கையை எடுத்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்கள், ஒருவர் ரோட்டு நடுக்கோடு வரை தள்ளப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். நேரத்தைவிடச் சுவர் முடியும் இடத்தைக் கவனித்து ஓட்டுவதுதான் அங்கே முக்கியம்.

அப்புறம் ஓட்டம். பத்து மணிக்கு மேல். கடல்காற்று வந்தால் வெயில் கொஞ்சம் தணியும் என்பது உண்மைதான், ஆனால் அது ஈரத்தையும் கூடவே கொண்டு வரும். வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும், சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உப்பு போவதுதான் மிச்சம். ஷூவுக்குள் தண்ணீர் சளசளவென்று சத்தம் போட்டது. நான் தொப்பிக்குள் ஐஸ், கழுத்தில் ஐஸ் சுற்றிய கர்ச்சீஃப், ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலையும் நடந்தே கடப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். பாதி ஓட்டம் தாண்டி ஒரு பந்தலில், சைக்கிளில் என்னோடு மாறி மாறி முந்திக்கொண்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவலி, வாந்தி, கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்தது. தண்ணி குறைஞ்சுபோச்சு என்று எல்லோரும் முடிவு கட்டி, தன்னார்வலராக நின்ற பெண் பாசத்தோடு "இன்னும் ஒரு பாட்டில் குடிங்க அண்ணா" என்று கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது, விரலில் அசையவில்லை, வாட்ச் பட்டைக்கு இரண்டு பக்கமும் மணிக்கட்டு உப்பியிருந்தது. காலையிலிருந்து வெறும் தண்ணீராகவே குடித்திருக்கிறார், உப்பு எதுவும் எடுக்கவில்லை. நீர் குறைந்த உடம்பு இப்படி வீங்காது. இது ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது, மேலும் தண்ணீர் கொடுத்தால் மூளையில் வீக்கம் வரை போகும்.

ஆம்புலன்ஸ் டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட்டோம். அவர் வந்ததும் செய்த முதல் வேலை பாட்டிலைப் பிடுங்கி வைத்தது. இதற்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவது சாதாரண சலைன் அல்ல, 3 சதவீத உப்புச் சலைன். சாயங்காலம் தெளிந்துவிட்டார் என்று செய்தி வந்தபோதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

பயிற்சியின்போது ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, முன்னும் பின்னும் எடை பாருங்கள், இடையில் குடித்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த எடைதான் உங்கள் வியர்வை. எடை ஏறியிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம், அது சாதாரண விஷயம் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கிற 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் அதில் 2.6 கிராம் சமையல் உப்பு இருக்கிறது. இனிப்பு பானங்களை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

நாம் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வெயில் நமக்குப் பழக்கம் என்று நினைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. காலை நாலரைக்கு ஓடிவிட்டு நாள் முழுக்க ஏ.சி.யில் உட்காருகிறவருக்கு வெயில் எப்படிப் பழகும்? உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் தொடர்ந்து வெயிலில் வேலை வாங்க வேண்டும். அப்போதுதான் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், உப்பும் குறைவாகப் போகும். பத்து மணிக்கு ஓடப்போகிறோம் என்றால் பத்து மணிக்கே மெதுவாக ஓடிப் பழகுங்கள், தனியாக வேண்டாம், துணைக்கு ஒருவர் வண்டியில் வரட்டும்.

வன்னி ஓடுகிற மாதங்களில் கோவளத்திலோ பெசன்ட் நகரிலோ நீண்ட தூரம் நீந்திப் பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள். அலை கரையில் உடையும் இடத்தை எப்படித் தாண்டுகிறீர்கள், மழை விட்டு எத்தனை நாள் கழித்து இறங்குகிறீர்கள் என்று தெரிந்தால் டிசம்பருக்குள் நான்கைந்து பேர் சேர்ந்து போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.