குறுந்தொகை 18: கபிலர் பலாவை ஏன் இரண்டு முறை காட்டுகிறார்?

கேள்வி (முதுகலைத் தமிழ் மாணவி)

வணக்கம். கபிலரின் இந்தப் பாடலைப் பாடத்திற்காகப் படித்து வருகிறேன்.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரற்
சிறுகோட்டுப் பெரும்பழந் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

சிறு கொம்பில் பெரும்பழம் தொங்குவதைப் போலத் தலைவியின் சிற்றுயிர் தன் பெருங்காமத்தைச் சுமக்கிறது என்ற உவமை விளங்குகிறது. ஆனால் மூங்கில் வேலிக்குள் வேரில் பழுத்திருக்கும் பலா முதலடியில் எதற்கு? அது தலைவனின் மலையை அடையாளம் காட்டும் வருணனை மட்டும்தானா? ஐந்தே அடிகளில் ஒரே மரம் இருமுறை வருவது உறுத்துகிறது; அதே சமயம், இல்லாத பொருளை நாமாக ஏற்றிவிடக் கூடாது என்ற தயக்கமும் இருக்கிறது.

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

துறையிலிருந்து, அதாவது பாடல் யார் யாரிடம் எந்தச் சூழலில் சொல்வது என்ற குறிப்பிலிருந்து, தொடங்குங்கள் அம்மா. தலைவியை இரவில் மறைவாகச் சந்திக்கும் இடமான இரவுக்குறிக்கு வந்து திரும்பும் தலைவனைத் தோழி எதிர்ப்பட்டு, விரைவில் மணந்துகொள்ளும்படி வற்புறுத்தும் கூற்று இது. "நீ காலம் கடத்துகிறாய்" என்று அவன் முகத்துக்கு நேரே குறை சொல்ல அவளுக்கு மனம் வராது. ஆகவே சொல்ல முடியாததை எல்லாம் "சாரல் நாட" என்ற விளிக்குள் வைத்துவிடுகிறாள். இரண்டாவது பலாவுக்குத் "தூங்கியாங்கு" என்று உவம உருபு வெளிப்படையாக இருக்கிறது. முதல் பலாவுக்கு எந்த உருபும் இல்லை. தொல்காப்பியம் "உள்ளுறை உவமம் ஏனை உவமம்", அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைந்து நிற்கும் உவமை, வெளிப்படையான உவமை என்று பிரிப்பது இந்த வேறுபாட்டைத்தான். தெய்வம் தவிர்த்த ஏனைக் கருப்பொருள்களே, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை போன்றவையே, உள்ளுறைக்கு நிலம் (அடிப்படை) என்றும் அது வரையறுக்கிறது. பலாவோ குறிஞ்சி மலைக்கே உரிய மரம்.

உன் மலையில் பழம் வேரிலேயே கிடக்கிறது, காவலுக்கு வேலியும் உண்டு, ஆகவே உனக்கு அவசரம் தெரியாது. இவளுக்கோ தாங்க ஒரு மெல்லிய கொம்புதான், வேலியும் இல்லை. தோழி சொல்லாமல் சொல்வது இதுவே என்று நான் வாசிக்கிறேன்.

மறுமொழி (பண்ருட்டி, பலாத் தோப்பு வைத்திருப்பவர்)

ஆசிரியர் ஐயா சொன்னது மரத்தைப் பார்த்தாலும் பொருந்துகிறது. முதிர்ந்த மரங்களில் அடிமரத்திலும் வேரை ஒட்டியும் காய்ப்பதை நாங்கள் வேர்ப்பலா என்போம். அது மண்ணில் அமர்ந்திருப்பதால் எவ்வளவு பழுத்தாலும் விழுந்து உடையும் பேச்சே இல்லை; விலங்கின் வாய்க்கு எட்டும் என்பது ஒன்றுதான் அதற்கு ஆபத்து, அதற்குத்தான் வேலி. கிளையில் தொங்கும் காயோ பத்து, இருபது கிலோ எடையையும் ஒரு காம்பில் ஏந்தி நிற்கும். அதைப் பதம் பார்த்து அறுத்துக் கயிறு கட்டி இறக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பழுத்த வாசனை தோப்பெங்கும் பரவும், காம்பு தளர்ந்து தானே விழுந்து பிளந்துவிடும். "செவ்வியை ஆகுமதி" (மணத்துக்கு உரிய காலத்தை உண்டாக்கிக்கொள்) என்று தோழி சொல்வதைப் படித்தபோது, அறுவடைக்குரிய பருவத்தைத் தவறவிடாதே என்ற எச்சரிக்கையாகவே எனக்குக் கேட்டது.

மறுமொழி (ஆய்வு மாணவர்)

தங்கையின் தயக்கமும் நியாயமானது. எல்லா இயற்கைக் காட்சிக்கும் ஆளுக்கொரு நிகர் தேடுவது பாட்டைக் கெடுத்துவிடும். கபிலரின் 25ஆம் பாடலில், தலைவன் தலைவியை மறைவில் கூடிய அன்று அங்கிருந்தது தினைத்தாள் போன்ற கால்களையுடைய குருகு மட்டுமே. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. குருகைத் தலைவனாகவும் ஆரலைத் தலைவியாகவும் கொள்வோர் உண்டு. எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. இருந்த ஒரே சாட்சியும் மீன்மேல் கண்ணாக இருந்தது என்பதிலேயே அவளுடைய கதியற்ற நிலை முழுமையாக வந்துவிடுகிறது.

18ஆம் பாடல் அப்படியன்று. அங்கே ஒப்பிட்டுப் பார்க்கும்படி கவிஞரே நம்மை அழைக்கிறார்: "சாரல்" இருமுறை வருகிறது, முன்னதில் வேரும் வேலியும், பின்னதில் சிறு கொம்பு மட்டும். பாட்டுக்குள் இத்தகைய தடயம் இருக்கும்போது உள்ளுறை காண்பதை ஏற்றிச் சொல்வது என்று யாரும் கூற முடியாது.